தொட்டியில் வளரும் மாஸ்களுக்குச் சரியான பெயர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வண்ணமீன் வளர்ப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை ஜாவா மாஸ், ரிக்சியா, மாரிமோ உருண்டை ஆகிய மூன்றையும் மாஸ் வகைகள் என்று ஒன்றாகச் சேர்த்திருந்தது. இவற்றுள் ஜாவா மாஸ் மட்டுமே மாஸ், அதாவது மெல்லிய தண்டும் இலையும் கொண்ட, பூக்காத சிறு தாவரம். ரிக்சியா ஃபுளூயிடன்ஸ் மாஸ்களும் அவற்றின் உறவுத் தாவரங்களும் அடங்கிய பிரையோஃபைட்டுகளைச் சேர்ந்ததுதான் என்றாலும், அவற்றுள் வேறொரு பிரிவான லிவர்வொர்ட் இனம். அதற்குத் தண்டும் இலையும் இல்லை, கவைகவையாகப் பிரியும் தட்டையான உடலே உண்டு. ஜப்பானின் அக்கான் ஏரியால் புகழ்பெற்ற மாரிமோவோ ஏகக்ரோபிலா லின்னேயி என்னும் பச்சைப்பாசி (ஆல்கா).

மாஸ்களுக்குள்ளும் நீரில் வாழ்பவை அனைத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் பெயரிட்ட ஃபான்டினாலிஸ் ஆன்டிபைரெட்டிகா, ஐரோப்பிய ஓடைகளில் கற்களைப் பற்றி வளர்வது. அதன் இலைகள் நடுநரம்பின்றி மூன்று வரிசைகளாக அமைந்திருக்கும். தொட்டிகளில் விரும்பி வளர்க்கப்படும் ஃபிசிடென்ஸில் இலைகள் இரண்டே வரிசைகளில், அடிப்பகுதி மடிந்து தண்டைத் தழுவியபடி இருக்கும். இரண்டும் உறவில் வெகு தொலைவில் உள்ளவை.

எல்லாவற்றிலும் சிக்கலானது ஜாவா மாஸ்தான். மாஸ்களை வகைப்படுத்துவோர் வித்துகள் விளையும் சிறு பையையும் அதன் வாய் விளிம்பிலுள்ள நுண்ணிய பற்களையும் பெரிதும் நம்புகிறார்கள். ஆனால், நீருக்குள் மூழ்கி வளரும் மாஸ்கள் அந்தப் பையை அரிதாகவே உருவாக்குகின்றன. ஆகவே நுண்ணோக்கியில் இலையின் செல்களைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நெடுங்காலமாக வெசிகுலாரியா டுபியானா என்று விற்கப்பட்ட ஜாவா மாஸ், டாக்சிஃபில்லம் பார்பியேரி என்று பின்னர் அறியப்பட்டது இப்படித்தான்: வெசிகுலாரியாவின் செல்கள் குட்டையாகவும் அகலமாகவும் இருக்க, டாக்சிஃபில்லத்தின் செல்கள் நீண்டு ஒடுங்கியிருக்கும். வெசிகுலாரியா டுபியானா இன்று சிங்கப்பூர் மாஸ் என்ற பெயரில் விற்கப்படுகிறது. பழைய பெயர்ச்சீட்டுகள் இன்னும் புழக்கத்தில் இருப்பதால், எதை வாங்குகிறோம் என்பதே வளர்ப்போருக்குத் தெரிவதில்லை.

இது அறிஞர்களுக்கு மட்டுமான கவலை அன்று. 2021இல் அமெரிக்க வளர்ப்புப்பிராணிக் கடைகளில் விற்ற மாரிமோ உருண்டைகளில், நீர்நிலைகளுக்குப் பெருங்கேடு விளைவிக்கும் வரிச்சிப்பிகள் கண்டறியப்பட்டன. அவ்வுருண்டைகளைக் கொதிநீரிலிட்டோ உறையவைத்தோ அழிக்குமாறு அறிவிப்பும் வந்தது. பொட்டலத்தில் உயிரினத்தின் பெயரும் அது வந்த இடமும் தெளிவாக இல்லையென்றால் இத்தகைய எச்சரிக்கை வாங்கியவரைச் சென்றடையாது.

எனவே, கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் உள்ள வணிகர்கள் விற்பனைப் பெயருக்குக் கீழே அறிவியல் பெயரையும், அது மாஸா, லிவர்வொர்ட்டா, பாசியா என்பதையும் அச்சிட முன்வர வேண்டும். தங்கள் நாளிதழும் இனி இவற்றைப் பற்றி எழுதும்போது இவ்வேறுபாட்டைக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர் ஒருவர்,
சென்னை.