விண்ணில் இன்னொரு விடலைத் தேங்காய் வேண்டாம்: ஐ.நா.வில் இந்தியாவுக்காகக் கை தூக்குபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெளியுறவு அமைச்சகத்தின் ஆயுதக் குறைப்புப் பிரிவில் இருப்பவர்களுக்கும், நியூயார்க்கிலும் ஜெனீவாவிலும் நம் நாட்டின் சார்பில் வாக்களிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

2022 டிசம்பர் 7 அன்று ஐ.நா. பொதுச் சபையில் ஒரு தீர்மானம் வாக்குக்கு வந்தது. தரையிலிருந்து ஏவுகணை விட்டுச் செயற்கைக்கோளை உடைத்துப் பார்க்கும் சோதனைகளை இனி எந்த நாடும் செய்ய வேண்டாம் என்று கேட்ட தீர்மானம் அது. 155 நாடுகள் ஆதரித்தன. 9 நாடுகள் எதிர்த்தன. இன்னும் 9 நாடுகள் எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கிக்கொண்டன. ஒதுங்கிய ஒன்பதில் நாமும் ஒன்று. அந்த வாக்கைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் உடன்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். சர்வதேச விண்வெளி நிலையம் எங்கள் ஊருக்கு மேலே கடக்கும் நாட்களில் பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போவது வழக்கம். 2025இல் சுபான்ஷு சுக்லா அங்கே தங்கியிருந்த நாட்களிலும் பார்த்தோம். பனைமரங்களுக்குப் பின்னாலிருந்து கிளம்பி, கண் சிமிட்டாமல் நகர்ந்து போகும் வெள்ளைப் புள்ளி. நான்கைந்து நிமிடம்தான். "நம்மாளு உள்ளதான் இருக்காரா சார்?" என்று ஒருவன் கேட்டான். இருக்கிறார் என்றேன். அப்புறம் ஒரு மாணவி கேட்டாள்: "அங்க ஒரு ஸ்குரூ வந்து இடிச்சா என்ன ஆகும் சார்?"

மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் கணக்குப் போட்டோம். 10 கிராம் ஸ்குரூ. மோதும் வேகம் நொடிக்கு 10 கிலோமீட்டர். கணக்கு முடிந்தபோது 5 லட்சம் ஜூல் என்று வந்தது. ஏறக்குறைய 120 கிராம் டி.என்.டி. வெடித்தால் வெளிவரும் ஆற்றல். ஒரு சின்ன ஸ்குரூவுக்கு! 1983இல் சேலஞ்சர் விண்கலத்தின் சன்னல் கண்ணாடியில் குழி போட்டது ஸ்குரூ கூட இல்லை, ஒரு துளிப் பெயின்ட் துணுக்கு. பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அதற்குப் பிறகு அந்த மாணவி கேட்ட கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. "அந்த ஸ்குரூ அங்க எப்படி சார் போச்சு?"

எப்படிப் போகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பாடம் 2008 பிப்ரவரியில் அமெரிக்கா செய்த காரியம்.

2006 டிசம்பர் 14 அன்று கலிபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்திலிருந்து யு.எஸ்.ஏ.-193 என்ற உளவுச் செயற்கைக்கோள் மேலே போனது. போய்ச் சேர்ந்த சில மணி நேரத்திலேயே தரையுடன் தொடர்பு அறுந்துவிட்டது. அன்றிலிருந்து அது 2,000 கிலோவுக்கும் மேல் எடையுள்ள செத்த உடம்பு. காற்று மண்டலத்தின் உரசலில் மாதா மாதம் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. அதன் தொட்டியில் சுமார் 450 கிலோ ஹைட்ரசின் இருந்தது. ராக்கெட் எரிபொருள், நச்சு. ஒரு துளியும் செலவாகவில்லை. மின்சாரம் இல்லாததால் சூடேற்றிகள் ஓடவில்லை. எரிபொருள் உள்ளேயே உறைந்து கிடந்தது.

2008 பிப்ரவரி 14 அன்று அமெரிக்க அதிகாரிகள் செய்தியாளர்களைக் கூட்டிச் சொன்னார்கள்: தொட்டி எரியாமல் தரைக்கு வந்து உடைந்தால் இரண்டு கால்பந்து மைதான அளவு இடத்தில் நச்சு வாயு பரவக்கூடும், ஆகவே கீழே வருவதற்கு முன் சுட்டுவிடுகிறோம். பூமியில் ஏறக்குறைய 70 சதவீதம் கடல். மனிதர் வாழும் இடத்தில் அது விழும் வாய்ப்பு மிகக் குறைவு என்று அன்றைக்கே பலர் சொன்னார்கள். ஓராண்டு முன்புதான் சீனா தன் செயற்கைக்கோள் ஒன்றைச் சுட்டிருந்தது, அதற்குப் பதில் காட்டத்தான் இது என்றும், உளவுக் கருவிகள் அந்நியர் கையில் கிடைத்துவிடக் கூடாது என்பதற்குத்தான் என்றும் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. அமெரிக்கர்கள் மனதில் என்ன இருந்தது என்பதை விடுங்கள். அவர்கள் செய்த ஒன்றைப் பாருங்கள். அப்போது அட்லாண்டிஸ் விண்கலம் வீரர்களோடு மேலே இருந்தது. அது தரையிறங்கும்வரை காத்திருந்தார்கள். பிப்ரவரி 20 காலையில் அட்லாண்டிஸ் புளோரிடாவில் இறங்கியது. அன்று இரவே, ஹவாய்க்கு மேற்கே லேக் எரி என்ற போர்க்கப்பலிலிருந்து எஸ்.எம்.-3 ஏவுகணை கிளம்பியது. சுமார் 247 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோளை நேருக்கு நேர் மோதியது. முனையில் வெடிமருந்து எதுவும் இல்லை, வேகமே போதும்.

தங்கள் ஆட்களை முதலில் இறக்கிவிட்டுப் பிறகு சுட்டார்கள் என்பதிலேயே எல்லாம் இருக்கிறது. சிதறல் ஆபத்து என்று சுட்டவர்களுக்கே தெரியும். துண்டுகள் சில வாரங்களில் விழுந்துவிடும் என்றும் சொன்னார்கள். பெரும்பாலானவை அப்படியே விழுந்தன, மறுக்கவில்லை. ஆனால் பட்டியலில் ஏறிய 174 துண்டுகளில் கடைசி ஒன்று கீழே வர 2009 அக்டோபர் ஆகிவிட்டது. சில வாரம் என்றது இருபது மாதம்.

ஏன் என்பதைப் பிள்ளைகளுக்கு விடலைத் தேங்காயை வைத்துத்தான் சொன்னேன். கோயில் வாசலில் விடலை போட்டால் சில்லு நாலாபக்கமும் தெறிக்கும். சிலது முன்னால், சிலது பின்னால், ஒன்றிரண்டு மேலே. தரையில் என்றால் எல்லாம் கீழே விழுந்துவிடும், சிறுவர்கள் பொறுக்கிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே ஒவ்வொரு சில்லும் தனித்தனியாக ஒரு செயற்கைக்கோள். முன்பக்கம் தெறித்த துண்டுக்குக் கூடுதல் வேகம் கிடைக்கும். அது பூமியின் மறுபக்கம் போகும்போது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலே ஏறும், திரும்பச் சுட்ட உயரத்துக்கே வரும், மறுபடி ஏறும். நீங்கள் எவ்வளவு தாழ்வான உயரத்தில் சுட்டாலும் சரி, 400 கிலோமீட்டரில் மனிதர்கள் குடியிருக்கும் தளத்தை அந்தத் துண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கடக்கும். "தாழ்வாகத்தானே சுட்டோம்" என்ற சமாதானம் இதனால்தான் நிற்பதில்லை.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். 2019 மார்ச் 27, மிஷன் சக்தி. ஒடிசா கடலோரத்து அப்துல் கலாம் தீவிலிருந்து ஏவுகணை போய், இரண்டு மாதம் முன்பு நாமே அனுப்பிய மைக்ரோசாட்-ஆர் செயற்கைக்கோளைச் சுமார் 280 கிலோமீட்டர் உயரத்தில் உடைத்தது. தொலைக்காட்சியில் பிரதமர் அறிவித்தபோது ஆசிரியர் அறையில் கைதட்டினோம். நானும் தட்டினேன். துப்பாக்கிக் குண்டைத் துப்பாக்கிக் குண்டால் அடிப்பது போன்ற வேலை அது. செய்துகாட்டியவர்களின் திறமையில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

அன்று உங்கள் அமைச்சகமே கேள்வி-பதில் வடிவில் ஒரு விளக்கம் வெளியிட்டது. துண்டுகள் எல்லாம் சில வாரங்களில் விழுந்துவிடும் என்று அதில் இருந்தது. 45 நாள் என்று பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவர் சொன்னார். நாசாவின் தலைவரோ சுமார் 400 துண்டுகள் என்றும், அவற்றில் 24 விண்வெளி நிலையத்தின் உயரத்துக்கும் மேலே ஏறிவிட்டன என்றும் சொல்லிக் கடுமையாகக் கண்டித்தார். பெரும்பாலானவை சீக்கிரம் விழுந்தன. சில துண்டுகள் ஓராண்டு தாண்டியும் சுற்றிக்கொண்டிருந்தன. 2008இன் கதையை அப்படியே மறுபடி படித்த மாதிரி இருந்தது எனக்கு.

நம்மைவிட மோசமாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். 2007 ஜனவரியில் சீனா சுமார் 860 கிலோமீட்டர் உயரத்தில் ஃபெங்யுன்-1சி வானிலைச் செயற்கைக்கோளை உடைத்ததில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். அவற்றில் பெரும்பங்கு இன்னும் மேலேதான். 2021 நவம்பர் 15 அன்று ரஷ்யா காஸ்மோஸ்-1408 என்ற செயற்கைக்கோளை உடைத்தபோது விண்வெளி நிலையத்தில் இருந்த ஏழு பேரும் தப்பிச் செல்லும் கலங்களுக்குள் ஒடுங்கிக்கொண்டார்கள். அந்த ஏழில் இருவர் ரஷ்யர்கள். சுட்டவர் ஊர்க்காரர்களே ஒளிய வேண்டியிருந்தது! இதையெல்லாம் பார்த்த பிறகு நாம் யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே வரவில்லை. நமக்கு ஏன் வந்தது?

காரணம் என்ன என்று தேடிப் படித்தேன். விண்வெளியில் ஆயுதப் போட்டியைத் தடுக்கச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டும், வெறும் வாக்குறுதிகள் போதாது என்பது இந்தியாவின் நீண்டகால நிலைப்பாடு. அதை மதிக்கிறேன். ஒப்பந்தம் வரட்டும். ஆனால் ஜெனீவா ஆயுதக் குறைப்பு மாநாடு எத்தனை ஆண்டுகளாகத் தேங்கிக் கிடக்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்; அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்களே நீங்கள்தான். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா?

பொக்ரானை நினைத்துப் பாருங்கள். 1998 மே மாதம் அணுகுண்டுச் சோதனை செய்தோம். செய்து முடித்த கையோடு, இனி சோதனை செய்ய மாட்டோம் என்று நாமாகவே அறிவித்தோம். சோதனைத் தடை ஒப்பந்தத்தில் நாம் கையெழுத்துப் போடவில்லை. சட்டம் எதுவும் கட்டவில்லை. சொன்ன சொல்தான் கட்டியது. கால் நூற்றாண்டுக்கும் மேலாக அந்தச் சொல்லைக் காப்பாற்றி வருகிறோம், அதனால் நம் பலம் ஒரு துளியும் குறையவில்லை. உலகம் நம்மைப் பொறுப்பான நாடு என்று சொல்லும்போது உங்கள் துறைக்காரர்கள் முதலில் எடுத்துக்காட்டுவதும் இதைத்தான். மண்ணுக்கு அடியில் செய்ததற்குச் சொல்ல முடிந்ததை விண்ணுக்கு ஏன் சொல்ல முடியாது?

எல்லையில் சீனா இருக்கிறது, கையில் ஆயுதம் வேண்டும் என்பவர்களுக்கும் இதுவே என் பதில். அந்தத் தீர்மானம் ஏவுகணையைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. உடைத்துச் சோதனை பார்க்காதே என்று மட்டும் கேட்கிறது. 2008இல் சுட்ட அதே அமெரிக்கா 2022 ஏப்ரலில் இனி இத்தகைய சோதனை செய்வதில்லை என்று அறிவித்தது. ஜப்பான், ஜெர்மனி, பிரான்ஸ், ஆஸ்திரேலியா என்று பலரும் அடுத்தடுத்து அறிவித்தார்கள்.

பழுதான செயற்கைக்கோளை என்ன செய்வது என்பதற்கு நம் இஸ்ரோவே வழி காட்டியிருக்கிறது. 2023 மார்ச் 7 அன்று, வேலை முடிந்துபோன மேகா-டிராபிக்ஸ்-1ஐ அதில் மிச்சமிருந்த எரிபொருளைக் கொண்டே படிப்படியாக இறக்கிப் பசிபிக் கடலில் ஆளில்லாத இடத்தில் விழ வைத்தார்கள். ஆயிரம் கிலோ எடை. கீழே இறக்கிவிடலாம் என்ற எண்ணத்தில் வடிவமைக்கப்பட்டதே இல்லை அது. இருந்தும் செய்தார்கள். 2001இல் நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஒன்றின் மேலடுக்கு வெடித்து முன்னூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியதிலிருந்து கற்றுக்கொண்டு, மிச்ச எரிபொருளை வெளியேற்றும் பழக்கத்தைக் கொண்டு வந்தவர்களும் அவர்களே. 2030க்குள் குப்பை விடாத விண்பயணம் என்று அறிவித்திருக்கிறார்கள். சந்திரயான்-3 கிளம்பியபோது, மேலே ஏதோ ஒன்றோடு மோதிவிடக் கூடாது என்று ஏவும் நேரத்தை 4 நொடி தள்ளி வைத்தார்கள். நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த அந்தப் பிற்பகலில் நான்கு நொடி!

நாளை ககன்யான் விண்கலத்தில் போகப்போகிறவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அவர்கள் சுற்றப்போவது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். எங்கள் பக்கத்து ஊரான குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து போகும் சின்ன ராக்கெட்டுகள், இலங்கையைச் சுற்றி வளையாமல் நேராகத் தெற்கே போய், 500 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோளை வைக்கும். ரஷ்யா காஸ்மோஸ்-1408ஐ உடைத்தது ஏறக்குறைய அதே உயரம். ஏவுதளத்தில் வேலை கிடைக்குமா என்று கேட்கும் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள்.

என் கோரிக்கை இரண்டு. மிஷன் சக்தி போன்ற சோதனை இனி இல்லை என்று இந்தியா தானாகவே அறிவிக்க வேண்டும். அடுத்த முறை இந்தத் தீர்மானமோ இது போன்ற ஒன்றோ வரும்போது, ஒதுங்காமல் ஆதரித்து வாக்களிக்க வேண்டும். முடியாது என்றால் அதற்கான காரணத்தை, எங்களைப் போன்றவர்களுக்கும் புரிகிற மாதிரி, வெளிப்படையாக எழுதுங்கள்.

வாக்குப் பட்டியல்களை ஐ.நா. வெளியிடும். அன்று அதை வகுப்புக்கு எடுத்துப் போவேன். ஸ்குரூவைப் பற்றிக் கேட்ட மாணவிக்குக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உடன்குடிப் பக்கத்து இயற்பியல் ஆசிரியர் ஒருவர்