அக்கா விஷயமாக, உடனே

அன்புள்ள மல்லிகா,

பதில் போடவில்லை என்று நீ திட்டியதெல்லாம் நியாயம்தான். சாவித்திரி டீச்சர் மாதிரி காதைத் திருகாத குறை. இங்கே எல்லோரும் நலம், அவர் வழக்கம்போல. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அக்காவுக்கு வெளிக்குப் போகையில் ரத்தம் வருகிறது, மூலம் என்று களிம்பு தடவுகிறாள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. மூலமாகவே இருக்கலாம். ஆனால் புற்றுக்காக அடிவயிற்றில் கரண்ட், அதாவது கதிர் சிகிச்சை, வைத்துக்கொண்டவளுக்கு அதை வீட்டிலேயே முடிவு செய்யக் கூடாது.

எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கர்ப்பப்பை வாய்க்குக் கொடுக்கும் கதிர் பக்கத்தில் இருக்கும் மலக்குடலையும் சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் சும்மா விடாது. சிகிச்சை நடக்கும்போது வரும் பேதி பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். வம்பு அதற்கப்புறம்தான். உள்ளே நுண்ணிய ரத்தக் குழாய்கள் மெல்ல அடைபட்டு, குடல் சுவர் இறுகிப்போகிறது. பதிலுக்கு முளைக்கும் புதுக் குழாய்கள் லேசாக உரசினாலே கசியும். இதெல்லாம் தலைகாட்ட மாதங்கள், சிலருக்கு வருஷங்கள்கூட ஆகும். கரண்டோடு சம்பந்தப்படுத்தினால் மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாய் என்பார்கள். போடு, பரவாயில்லை.

"புற்று போனதே பெரிசு, இதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். நானும் பேதியைப் பொறுத்தேன். சினிமாவுக்குப் போனால் மகாராணிக்கு ஓரச் சீட்டுதான் வேண்டும் என்று கேலி செய்தாயே, காரணம் இதுதான்டி.

அப்புறம் ஒரு குடல் மருத்துவரம்மா. ராத்திரி எழுந்து ஓடுகிறீர்களா, அடக்க முடிகிறதா, கசிகிறதா, எண்ணெய் மாதிரி மிதக்கிறதா என்று துளிக் கூச்சமில்லாமல் கேட்டார். பேதி ஒன்றுதான், காரணங்கள் பல என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. சிறுகுடலின் கடைசிப் பகுதி கெட்டால் பித்தநீரைத் திரும்ப உறிஞ்ச முடியாது. அது பெருங்குடலில் இறங்கித் தண்ணீராகப் போகும். அதற்குக் கொலஸ்டிரமைன் பொடி. குடலில் கிருமி கண்டபடி பெருகியிருந்தால் ஆன்டிபயாடிக். பி12 உறிஞ்சப்படுவதும் அதே இடத்தில்தான், அதனால் ரத்தத்தில் அதையும் பார்க்க வேண்டும். எனக்குப் பித்தநீர்தான். பொடி மணலை விழுங்குவது போல இருக்கிறது, மற்ற மாத்திரைகளோடு சேர்த்தும் சாப்பிடக் கூடாது. ஆனால் போன வாரம் நடு வரிசையில் உட்கார்ந்து முழுப் படமும் பார்த்தேன்!

நான் சொன்னால் நம்பமாட்டாய், எனவே ஆதாரம்: 2013-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், இப்படி ஒவ்வொரு காரணமாகத் தேடி வைத்தியம் பார்க்கப்பட்டவர்கள், கையேடு மட்டும் கொடுத்து அனுப்பப்பட்டவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்.

அக்காவின் ரத்தத்துக்கு முதலில் ஸ்கோப், அதுதான் கேமரா வைத்த குழாய், போட்டுப் பார்க்கட்டும், வேறு எதுவும் இல்லை என்று தெரிய வேண்டும். கதிரால் வந்ததுதான் என்றால், லேசான கசிவைச் சும்மா விட்டாலே போதும் என்பார்கள். தொந்தரவாக இருந்தால் சுக்ரால்ஃபேட் மருந்தைக் கரைத்து எனிமாவாகக் கொடுப்பார்கள், இல்லையென்றால் ஸ்கோப் வழியே ஆர்கான் வாயுவால் ரத்தக் குழாய்களைச் சுட்டு அடைப்பார்கள். ஒன்று மறக்காதே: கரண்ட் வைத்த விஷயத்தை ஸ்கோப் போடுபவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட மலக்குடலின் முன்சுவரில் தேவையில்லாமல் பரிசோதனைக்கென்று சதை எடுத்தால் புண் ஆறாமல் துளையே விழலாம். பழைய சிகிச்சைத் தாள்களையும் கொண்டுபோகச் சொல்.

அக்கா கூச்சப்பட்டால் போனை என்னிடம் கொடு. இந்தப் பேச்சில் எனக்கு வெட்கமெல்லாம் போய்விட்டது. நான் வாயைத் திறந்தாலே அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விடுகிறார்.

ஸ்கோப் தேதி தெரிந்ததும் எழுது. ரமணி பற்றி நீ கேட்டதற்கு அடுத்த கடிதத்தில், சாவகாசமாக.

உன்
கோமதி