போர்டில் ஒன்றுமில்லை என்றேனே

கும்பகோணம்
ஆடி 12

மாப்ளே,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கே இன்னும் பதில் எழுதவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. பெரியவள் பத்தாவது போய்விட்டாள். மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்ததா என்று என்னைக் கேட்காதே. அதைப் பற்றி அப்பாவே உனக்குத் தனியாக நாலு பக்கம் எழுதுவார்.

என் ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ பார்த்துக்கொண்டிருந்த வலங்கைமான் பையன், தம்பி என்று நான் கூப்பிடுவேனே, அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். வைகாசிக் கடைசியில் போனான். போகவைத்தவன் நான்தான். அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

தை மாதம் ஸ்டுடியோவுக்கு ஒரே நாளில் இரண்டு மெஷின் எடுத்தேன். இரண்டிலும் ஐ7 12700 புராசசர், 32 ஜிபி ரேம், ஒரே எஸ்எஸ்டி. இதெல்லாம் உட்காருகிற மதர்போர்டு மட்டும் வேறு ரகம். எனக்கு பி660. அவனுக்கு எச்610, அதிலும் கடையில் இருந்ததிலேயே மலிவானது. கடைக்காரர்கூட ஒரு நிமிடம் யோசித்தார். நான்தான் பெரிய மனுஷன் மாதிரி, "புராசசர் ஒன்றுதானே சார், போர்டில் ஒன்றுமில்லை" என்றேன்.

அந்த வசனம் உனக்குப் பழக்கமானதுதான். நம் காலத்தில் போர்டுக்குப் போர்டு வித்தியாசம் நிஜமாகவே இருந்தது. ரேமைக் கவனிக்கிற வேலை போர்டில் இருந்த நார்த்பிரிட்ஜ் சிப்புடையது. 2003-இல் ஏஎம்டியும் 2008-இல் இன்டெல்லும் அந்த வேலையைப் புராசசருக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தார்கள். அன்றிலிருந்து போர்டு வெறும் பலகை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். திருப்பனந்தாள் மாமாவுக்குக்கூட வகுப்பு எடுத்திருக்கிறேன்.

சித்திரை, வைகாசி முகூர்த்தம் எப்படி என்று உனக்குத் தெரியும். கல்யாண வீடியோ எல்லாம் வரிசை கட்டி நிற்கிறது, அவன் மெஷினில் ரெண்டர், அதாவது எடிட் முடிந்ததை முழு வீடியோவாக்கும் வேலை, மட்டும் நகரவில்லை. "அண்ணே, காலையில நல்லா ஓடுது, மத்தியானம் ஆனா படுத்துக்குது" என்றான். "மெஷின் படுக்கவில்லை, நீதான் படுக்கிறாய்" என்று பெண் வீட்டுக்காரர் முன்னாலேயே சொன்னேன். மூன்றாவது தடவை சொன்ன அன்றைக்குச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஏசி என் அறையில் மட்டும்தான். அவன் முன்கூடத்தில், ஃபேனுக்குக் கீழே.

ஆடி பிறந்தது, கல்யாணம் இல்லை. ஒரு தீமிதி வீடியோவை முடிக்க அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு மணி வெயிலில் அந்த மெஷின் என்னையும் படுத்தியது.

உடனே சினிபெஞ்ச் ஆர்23 என்கிற வேக டெஸ்ட் போட்டேன். புராசசரின் எல்லாக் கோரையும் முழுசாக ஓடவிட்டு ஒரு படத்தை வரையச் சொல்லும், முடிக்கிற வேகத்துக்கு மார்க். ஒரு ஓட்டம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. இரண்டு மெஷினுக்கும் ஒரு சதவீதம்கூட வித்தியாசமில்லை. ஒரே மெஷினை இரண்டு தடவை ஓட்டினாலே அவ்வளவு ஏறி இறங்கும். பார்த்தாயா, பையன்தான் சோம்பேறி என்று ஒரு கணம் நிம்மதிகூட வந்தது. என்ன மனுஷன் நான்!

அப்புறம்தான், சந்தேகம் வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று நீ கத்துவது ஞாபகம் வந்தது. ரேமை மாற்றி மாட்டினேன். எஸ்எஸ்டியை மாற்றினேன். கடைசியில் சூடு கடத்துகிற புதுப் பேஸ்ட் தடவிப் புராசசர்களையே இடம் மாற்றினேன். மந்தம் எதனோடும் வரவில்லை, அந்தப் போர்டோடேயே தங்கிவிட்டது. என் மெஷினையும் முன்கூடத்துக்குத் தூக்கி வந்து, மத்தியானம் இரண்டு மணிக்கு இரண்டையும் அக்கம்பக்கம் வைத்து, சினிபெஞ்சை முப்பது நிமிடத்துக்கு ஓடவிட்டேன். பக்கத்தில் வேகத்தையும் சூட்டையும் காட்டுகிற எச்டபிள்யூஇன்ஃபோ திறந்திருந்தது. என்னுடையது 4.5 கிகாஹெர்ட்ஸில் குந்தியது குந்தியபடி. அவனுடையதும் முதல் சில நிமிடம் அதே 4.5. பிறகு தடாலென்று 3-க்குக் கீழே விழுந்தது. ஏறியது, மறுபடி விழுந்தது. புராசசர் சூடாகவே இல்லை, அதுதான் வேடிக்கை. கொதித்துக்கொண்டிருந்தது போர்டில் இருக்கிற விஆர்எம்.

மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வருவது 12 வோல்ட். புராசசருக்கு வேண்டியது ஏறக்குறைய 1.2 வோல்ட். இறக்கிக் கொடுக்கிற மதகுதான் விஆர்எம். இந்தப் புராசசர் உச்சத்தில் 180 வாட் இழுக்கும். 1.2 வோல்ட்டில் 180 வாட் என்றால் 150 ஆம்பியர், கணக்குப் போட்டுப் பார். அவ்வளவும் சுண்டுவிரல் நகம் அளவு சில மாஸ்ஃபெட் ஸ்விட்சுகள் வழியாகப் போகிறது. என் போர்டில் அவற்றின் மேல் சூட்டை உறிஞ்சி வெளியேற்றுகிற கனமான ஹீட்சிங்க் இருக்கிறது. அவன் போர்டில் மொட்டை. தொட்டுப் பார்த்தேன், பணியாரக் கல்தான். தாங்காமல் போர்டே புராசசரின் கழுத்தைப் பிடித்துவிடுகிறது. அணையில் தண்ணீர் இருந்து என்ன, வாய்க்கால் கரை உடைகிற மாதிரி இருந்தால் ஷட்டரை இறக்கத்தானே செய்வான்?

இன்டெல் இந்தப் புராசசருக்குத் தொடர்ந்து இழுக்க 65 வாட், கொஞ்ச நேரத்துக்கு 180 வாட் என்று எழுதியிருக்கிறது. சின்ன டெஸ்டில் மார்க் வாங்கித் தர அந்த மொட்டைப் போர்டு வரம்பையே எடுத்துவிட்டிருந்தது. போர்டின் செட்டிங் இருக்கிற பயாஸுக்குள் போய் 95 வாட் என்று கட்டிப்போட்டேன். நம்பமாட்டாய், அதே தீமிதி வீடியோ முன்னைவிடச் சீக்கிரம் முடிந்தது. விழுந்து எழுந்து ஓடுவதற்கு நிதானமாக நடப்பது மேல் என்று ஆகிவிட்டது.

மார்க் என்றதும் ஒரு பாவமன்னிப்பு. சூப்பர் பை என்கிற புரோகிராமில் பை-யைப் பத்து லட்சம் இலக்கம் கணக்குப் போடவிட்டு, தோற்றவன் டிகிரி காபி என்று பந்தயம் கட்டினோமே. நான் ஜெயித்தேன், ஒரு மாதம் பீற்றிக்கொண்டேன். என் போர்டு, புராசசரின் வேகத்துக்கு அடிப்படையான எஃப்எஸ்பியை 100 என்று காட்டிவிட்டு 102-இல் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷமே எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லவில்லை. ஒரு காபி பாக்கி, வட்டியோடு இரண்டாக வைத்துக்கொள்.

அதைச் சிரித்துக்கொண்டு எழுதிவிட்டேன். தம்பி விஷயம் அப்படி இல்லை. நான்கு மாதம் அவன் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னான். நான் ஒரு நாள், ஒரே ஒரு நாள், மத்தியானத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும்.

நேற்று போன் செய்தேன். "சொல்லுங்கண்ணே" என்றான். பழைய மரியாதை கொஞ்சமும் குறையவில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அதுக்கு ஹீட்சிங்க் ஏதாவது போட்டீங்களாண்ணே?" என்று கேட்டான்.

போட்டுவிட்டேன். பி660-ஐ அவன் மேசையில் வைத்தாயிற்று, மொட்டைப் போர்டு இப்போது என்னிடம். ஏசி ஆளை வியாழக்கிழமை முன்கூடத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வலங்கைமான் போகிறேன். வருவானா என்று கேட்க இன்னும் தைரியம் வரவில்லை. நீயாக இருந்தால் அவன் அம்மா முன்னால் எப்படி ஆரம்பிப்பாய் என்று எழுது. அதற்குள் கடிதம் வந்து சேராது, போன் செய்.

உன்
ஏமாற்றுக்காரக் கூட்டாளி