கூத்து இலகுவாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு பற்றிய கட்டுரையில், வேறு வழியில்லாத பிள்ளைகள்தான் நாடகமும் அரங்கியலும் போன்ற இலகுவான பாடங்களை எடுக்கிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. எழுதியவர் முல்லைத்தீவில் எங்கள் முள்ளியவளைக்கு வந்து, கூத்தாடும் வட்டக்களரியில் ஒரு வரவுக்காவது, அதாவது ஒரு பாத்திரம் களரிக்குள் வரும் ஆட்டத்துக்காவது, ஆடிப் பார்க்கட்டும். மத்தளக்காரரை நானே பிடித்துத் தருகிறேன்.

என் மகள் மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இதைத்தான் படிக்கிறாள். அங்கே சேர உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி மட்டும் போதாது, நடைமுறைப் பரீட்சையிலும் தேற வேண்டும். நாட்டிய சாஸ்திரம், கிரேக்க அரங்கு என்று எழுத்துப் பாடம் ஒரு பக்கம். ஆட்டம், ஒப்பனை, ஒளியமைப்பு, நெறியாள்கை இன்னொரு பக்கம். லீவில் வந்தாலும் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி வடமோடிக் கூத்தின் தாளக்கட்டைச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் போகும்போது எங்கள் சொந்தத்திலேயே ஒருவர், "பெட்டைப்பிள்ளையைக் கூத்தாடவோ அனுப்புறாய்?" என்று கேட்டார். கோவலன் கூத்தை விடிய விடிய இருந்து பார்க்கிற மனுசன்தான் அவர்!

இந்தப் பாடத்துக்கு அவள் படித்த பள்ளிக்கூடத்தில் ஆசிரியரே இல்லை. தமிழ் படிப்பித்த ரீச்சர் பாவம், எங்கிருந்தோ நோட்ஸ் வாங்கிப் போட்டோக்கொப்பி அடித்துக் கொடுத்தார். கல்விக் கந்தோரில் போய்க் கேட்டால், ஆள் வந்தால் அனுப்புவோம் என்றார்கள். பட்டம் முடித்தவர்கள் வேலை கேட்டு வீதியில் இருந்த படங்களை நீங்களே போட்டிருக்கிறீர்கள். ஆனால் அமைச்சர் வருகிறார் என்றால் மட்டும் கூத்து உடுப்போடு பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வைக்க எல்லாருக்கும் தெரியும். அந்தப் படத்தைக்கூட உங்கள் பத்திரிகை 'மாணவிகளின் நடனம்' என்றுதான் போட்டது. நான் அப்போதே எழுதினேன். பிரசுரமாகவில்லை. சரி, இடமில்லாமல் இருந்திருக்கும்.

பேராசிரியர் வித்தியானந்தன் 1960களிலேயே பேராதனையில் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்தை மேடையேற்றினார். உங்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. இவ்வளவு காலம் கழித்து வன்னியில் என்ன இருக்கிறது? கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாயம், தொழில்நுட்பப் பீடங்கள். 2021இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனிப் பல்கலைக்கழகமான வவுனியா வளாகத்தில் விஞ்ஞானம், வணிகம், தொழில்நுட்பம். எல்லாம் வேண்டியதுதான். அரங்கியலில் பட்டம் எடுக்க மட்டும் எங்கள் பிள்ளைகள் யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ பெட்டி கட்ட வேண்டும்.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. பெரிய மனிதர், அவருக்கு வேலை இருக்கும். அடுத்த முறை நடைமுறைப் பரீட்சைக்கு விண்ணப்பம் கோரும்போது அந்தச் செய்தியை மரண அறிவித்தல்களுக்கு அடியில் ஒளிக்காமல், முடிவு திகதியோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் போட்டுவிடுங்கள். எங்கள் பக்கம் இணைய வலையமைப்பு எப்படி என்று உங்கள் நிருபரே சொல்வார்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்,
முள்ளியவளை.