வெருகலிலிருந்து வரும் முதல் பஸ்

உவர்மலை, திருகோணமலை
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்பின் மச்சானுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் இரண்டு கடிதங்களும் வந்து சேர்ந்தன. இரண்டுக்கும் சேர்த்து இப்போதுதான் எழுதுகிறேன். "அவன் உயிரோடுதான் இருக்கிறானா?" என்று என் தங்கையிடம் தொலைபேசியில் விசாரித்தாயாம். கேட்க உனக்கு உரிமை உண்டு. ஆனால் நியூயோர்க் போன புதிதில் ஒன்றரை வருடம் ஒரு வரி எழுதாமல் இருந்தவன் நீ. அந்தக் கணக்கும் இந்தக் கணக்கும் நேர் என்று வைத்துக்கொள்.

இங்கே எல்லோரும் சுகம். வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி குறையவில்லை; ஆனாலும் கோணேசர் கோயில் ஏற்றத்தை மட்டும் விடமாட்டாள். நெட்டையனின் இளைய மகளுக்கு ஆவணியில் கலியாணம். நீ வராவிட்டால் அவன் விமானம் ஏறி உன்னிடம் சண்டைக்கு வருவான். சம்பல் மாஸ்டரைச் சந்தையில் கண்டேன். எண்பது தாண்டியும் அதே குரல், அதே கேள்வி: "அந்த மணியை எடுத்தது யார்?" இன்றைக்கும் நான் உன் பெயரைச் சொல்லவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் நீ மகளோடு வந்திருந்தபோது, டச்பே கடற்கரையில் கச்சான் கொறித்துக்கொண்டு அவள் ஒரு கதை சொன்னாள் அல்லவா? அவள் ஆலோசகராக வேலை செய்யும் சமுதாயக் கல்லூரியைப் பற்றி. நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் 2007 இல் தொடங்கிய திட்டம். வசதி குறைந்த பிள்ளைகள் இரண்டு வருடப் படிப்பை மூன்று வருடத்துக்குள்ளாவது முடித்துவிட வேண்டும் என்பதற்காகக் கட்டணத்தில் விழும் துண்டை ஈடுசெய்கிறார்கள், புத்தகம் கொடுக்கிறார்கள், மாதாமாதம் பஸ், ரயில் பயணத்துக்கு ஒரு கார்ட் கொடுக்கிறார்கள் என்றாள். நான் அவளை முழுக்கச் சொல்ல விடவில்லை. "அமெரிக்காக்காரனிடம் காசு இருக்கிறது, பஸ் காசும் கொடுப்பான். படிக்கிற பிள்ளை எப்படியும் படிக்கும்" என்று சொல்லிவிட்டு மணலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். அவள் முகம் வாடியதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். மாமா மன்னிப்புக் கேட்டார் என்று அவளிடம் முதலில் சொல். மிச்சத்தைப் பிறகு வாசித்துக் காட்டு.

வெருகல் பக்கத்து ஈச்சிலம்பற்றிலிருந்து ஒரு பையன், நான் தொழிற்பயிற்சி கொடுக்கும் இடத்தில் மின்னியல் வகுப்பில் சேர்ந்தான். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் இரண்டு தடவை போய்விட்டது. பயிற்சிக்கூடத்தில் ஒவ்வொருவனுக்கும் ஒரு பலகை கொடுத்துப் படிக்கட்டு விளக்குப் போடச் சொல்வது என் வழக்கம். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், எதை அமுக்கினாலும் பல்ப் எரியவும் வேண்டும், அணையவும் வேண்டும். முதல் நாள் வகுப்பே தலையைச் சொறியும். இவன் கண்ணை மூடிக்கொண்டு, வெறும் பலகையில் விரலால் இரண்டு தரம் கோடு இழுத்துப் பார்த்தான். பிறகு வயரை வெட்டினான். ஒரு சாண் கூட மிச்சம் விழவில்லை. நுனியை உரித்த விதத்தைத்தான் நீ பார்த்திருக்க வேண்டும், மச்சான். செம்பில் ஒரு கீறல் இல்லாமல் உறை மட்டும் வளையமாகக் கழன்று வந்தது. இருபத்தைந்து வருடமாக நான் இதைக் கற்பிக்கிறேன். அப்படிப்பட்ட கையை நான் கண்டது நாலைந்து தடவைதான்.

எட்டாவது கிழமை அவன் வரவில்லை. ஒன்பதாவது, பத்தாவது கிழமையும் இல்லை. மூன்று கிழமை தொடர்ந்து வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவது எங்கள் வழக்கம். காரணம் எழுதும் இடத்தில் "ஆர்வமின்மை" என்று ஒரு சொல். பேனாவை எடுத்துவிட்டேன். அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. அந்த உரித்த வயரை மறுபடி நினைத்துப் பார்த்தேன். ஆர்வமில்லாதவன் செய்கிற வேலையா அது?

அடுத்த சனிக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்தேன். நாம் அந்தப் பக்கம் போன காலத்தில் மூதூருக்கு லோஞ்ச். கொட்டியாரக் குடாவைக் கடக்குமுன் நீ இரண்டு தரம் வாந்தி எடுப்பாய். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தக் கஷ்டமெல்லாம் போய்விட்டது என்றுதான் நானும் பேசித் திரிந்தேன். பாலம் வந்துவிட்டது, உண்மை. ஆனால் பாலத்தின் மேல் தினமும் போய்வரக் காசு வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் நின்று யோசித்தேன். மூதூர், கிளிவெட்டி தாண்டி அந்த ஊரைத் தேடிப் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

பையன் ஒரு வீட்டு வேலையில் மேசனுக்குச் சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையைத் தேடிப் போட்டான். என்ன நடந்தது என்று கேட்டேன். வயிறு சரியில்லை என்றான். அதே பதிலை மத்தியான நேரத்திலும் அவன் சொல்வது எனக்கு நினைவு வந்தது. மற்றவர்கள் பார்சலைப் பிரிக்கும்போது இவன் மட்டும் எழும்பிப் போய், மான்கள் நிற்கும் மரத்தடியில் உட்கார்ந்திருப்பான். மான்கள் எங்கள் பிள்ளைகள் வீசும் சாப்பாட்டுத் தாளை நக்கும். அவன் அதைப் பிடுங்கிக் குப்பையில் போடுவான். மானின்மேல் இரக்கமுள்ள பையன் என்று நினைத்திருந்தேன். அவனுக்குப் பார்சலே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

அவனுடைய தாய்தான் உண்மையைச் சொன்னாள். தகப்பன் முதுகு நோவால் வேலைக்குப் போவதில்லை. அரசாங்கம் கொடுக்கும் அஸ்வெசும உதவிப் பணம் அரிசிக்கும் மருந்துக்கும் போய்விடுகிறது. முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் வகுப்புக்கு இருபது நிமிடம் பிந்தும். பிந்தினால் நான் ஏசுவேன். அதையும் பொறுத்துக்கொண்டு வந்திருக்கிறான். கடைசியாக ஒரு நாள் சப்பாத்தின் அடி கழன்று, செருப்போடு வந்திருக்கிறான். பயிற்சிக்கூடத்தில் செருப்புக் கூடாது என்பது என் சட்டம். மின்சாரத்தோடு விளையாட முடியாது, அதை இன்றைக்கும் மாற்றமாட்டேன். ஆனால் அன்றைக்கு அவனை வாசலில் வைத்தே திருப்பி அனுப்பியவன் நான். ஏன் செருப்போடு வந்தாய் என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அவன் பஸ்ஸுக்குக் கொடுத்த காசு வீணாகி, பகல் முழுக்கப் பஸ் நிலையத்தில் இருந்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறான். அடுத்த நாள் மேசனோடு போய்விட்டான்.

திரும்பி வரும் வழியில் கிண்ணியாப் பாலத்தில் வண்டியை நிறுத்தி வெகுநேரம் நின்றேன். இருபத்தைந்து வருடத்தில் எத்தனை பெயரை வெட்டியிருப்பேன்! அவர்களில் எத்தனை பேருக்குச் சப்பாத்தின் அடி கழன்றிருக்கும்?

அன்றிரவு உன் மகளுக்கு நான்தான் அழைப்பு எடுத்தேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், கோபிக்காதே. கடற்கரையில் நான் கேட்காமல் விட்ட பாதியை அப்போது கேட்டேன். அந்தப் பயணக் கார்ட் தபாலில் வீடு தேடிப் போவதில்லையாம். மாணவன் ஒழுங்காக ஆலோசகரிடம் வந்து உட்கார்ந்து பேச வேண்டும், பேசுகிறவனுக்குத்தான் கார்ட். கார்ட்டுக்காக வருகிறவன் ஐந்து நிமிடத்தில் வீட்டு வாடகையைப் பற்றி, தங்கச்சியைப் பற்றி, விளங்காத பாடத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவான் என்றாள். சாதாரண ஆலோசகருக்கு நூற்றுக்கணக்கில் மாணவர்கள் இருக்கும்போது, இந்தத் திட்டத்தில் மிகக் குறைந்த தொகையினரே ஒருவர் பொறுப்பில் இருப்பார்களாம். ஒரேவிதமான மாணவர்களைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதியை இதில் சேர்த்து மறுபகுதியை வழமைபோல விட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூன்று வருடத்தில் வழமையான பகுதியில் முடித்தவர்கள் 22 வீதம். இந்தத் திட்டத்தில் 40 வீதம். ஒஹாயோவில் மூன்று கல்லூரிகளில் செய்தபோதும் நல்ல பலன் கிடைத்ததாம். அதே பிள்ளைகள், அதே மூளை. எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

நாங்கள் செய்தது மிகச் சிறிய காரியம். நெட்டையன், நான், கிண்ணியாவில் வன்பொருள் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன், இன்னும் இருவர் என ஐந்து பேர் சேர்ந்தோம். கடைக்காரன் சப்பாத்துக்குப் பொறுப்பு. மாதப் பஸ் செலவை நாங்கள் போடுகிறோம். ஆனால் உன் மகள் சொன்னபடி, பிள்ளை வந்து உட்கார்ந்து பேசினால்தான் காசு கைக்கு வரும். தூர இடத்துப் பிள்ளைகள் பஸ் ஏறியதும் எனக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுக்க வேண்டும். வராவிட்டால் அன்றைக்கே நான் அழைப்பேன். மூன்று கிழமை பொறுத்து அல்ல, அன்றைக்கே.

அந்தப் பேச்சில் வெளிவருவதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதுகிறேன். தோப்பூர்ப் பிள்ளையொருத்தி கணினி வகுப்பை விடப்போவதாகச் சொன்னாள். தகப்பனுக்குப் படிப்பில் வெறுப்பில்லை. இருட்டிய பிறகு மகள் தனியாக இறங்கி நடப்பதுதான் பயம். வகுப்பு அரை மணி முந்தி முடிந்தால் வெளிச்சத்தோடு வீடு சேரலாம். அவ்வளவுதான், முடித்துக் கொடுத்தோம். மூதூர்ப் பையன் அறுவடைக் காலத்தில் பத்து நாள் வயலுக்குப் போயே ஆக வேண்டும். அந்தப் பாடங்களை முன்னதாகவே சொல்லிக்கொடுத்தேன். சேருநுவரச் சிங்களப் பையனுக்கு என் தமிழ் ஓடவில்லை. ஈச்சிலம்பற்றுக்காரன்தான் பக்கத்திலிருந்து பலகையில் செய்து காட்டுகிறான். 20 பேரோடு தொடங்கிய வகுப்பில் இன்றைக்கு 18 பேர் இருக்கிறார்கள். போன இரண்டு பேரையும் நான் இன்னும் விடவில்லை.

பெற்றோரோடு படும் பாட்டையும் கேள். "கம்பஸ் கிடைக்காதவன்தானே கம்பி இழுக்கப் போகிறான்" என்று மகனை வைத்துக்கொண்டே என் முன்னால் சொல்கிறார்கள். பிறகு தாலிக்கொடியை அடகு வைத்து அதே மகனைக் கட்டாருக்கு அனுப்புகிறார்கள். கையில் சான்றிதழ் இல்லாமல் போனவன் அங்கே கூலி, என்.வி.கியூ என்ற தேசிய தொழிற்தகைமையில் 4ஆம் நிலைச் சான்றிதழோடு போகிறவன் மின்னியலாளர். போகாமல் இங்கேயே இருந்தாலும் 5, 6 என்று டிப்ளோமாவுக்கு ஏறலாம், 7 என்றால் பட்டம். ரத்மலானையில் தொழிற்கல்விக்கென்றே 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரு பல்கலைக்கழகம் அமைத்திருக்கிறார்கள். இதை வீடு வீடாகப் போய்ச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

படிப்பு முடிந்தால் போதும் என்றிருந்தேன். தொழிலிடப் பயிற்சிக்கு அனுப்பிய பிறகுதான் அடுத்த பள்ளம் தெரிந்தது. ஈச்சிலம்பற்றுக்காரனைக் கடற்கரைப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் சேர்த்தோம். ஒரு மாதம் கழித்து அவனுடைய தினப்பதிவேட்டைப் பார்த்தேன். "மின்விசிறிகள் துடைத்தேன்." "பயணப் பைகள் தூக்கினேன்." "தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டேன்." ஒரு பொய் இல்லாமல் அழகான கையெழுத்தில் முப்பது நாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனேஜரிடம் போய் நின்றேன். கூலி கொடுக்காத ஆள் கிடைத்தான் என்று அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். அன்றே அவனைக் கூட்டிக்கொண்டு வந்து, டவுனில் ஒரு சின்ன ஒப்பந்தக்காரரிடம் விட்டேன். அவர் கடுமையான மனிதர், வாயைத் திறந்தால் ஏச்சுத்தான். ஆனால் முதல் நாளே மூன்று மாடிக் கட்டடத்தின் விநியோகப் பெட்டியைத் திறந்து வைத்து "பார்" என்றாராம். இப்போது பதிவேடு வேறு மாதிரி இருக்கிறது.

வருகிற வியாழக்கிழமை அவனுக்கு இறுதி மதிப்பீடு. வேலையில் எனக்குப் பயமில்லை. வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் கேள்வி கேட்டால் வாய் கட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு கொழும்புக் கம்பனி ஒன்றில் நேர்முகம், அதில் ஆங்கிலமும் வரும். உன்னிடம் காசு கேட்கிறேன் என்று நினைக்காதே, காசை நெட்டையன் பார்த்துக்கொள்கிறான். உன் மகள் ஞாயிறு இரவில் அரை மணி நேரம் இவனோடு தொலைபேசியில் ஆங்கிலம் பேசுவாளா? பிழை திருத்த வேண்டாம், பேச விட்டால் போதும். அத்தோடு, புதிதாக வரும் மாணவனிடம் முதல் நாள் அவள் என்னென்ன கேட்பாள் என்பதை எழுதி அனுப்பச் சொல். நான் எதைக் கேட்காமல் விடுகிறேன் என்று பார்க்க வேண்டும்.

எழுத எழுத விடிந்துவிட்டது. மணி ஐந்து இருபது. மேசையில் கைத்தொலைபேசி ஒரு தரம் அடித்து நின்றது. வீட்டுக்காரி உள்ளேயிருந்து "உங்கள் பிள்ளை பஸ் ஏறிவிட்டான்" என்கிறாள். தேநீர் குடித்துவிட்டுப் புறப்படுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்

பி.கு.: உன் அக்கா வீட்டு முருங்கை போன மழையில் வேலிமேல் விழுந்துவிட்டது. வேலியைக் கட்டுவித்துவிட்டேன். காசைப் பற்றி எழுதினால் அடுத்த கடிதத்துக்குப் பதில் வராது.