உண்ணிக் காய்ச்சல் விழிப்புணர்வுப் படங்களைத் திருத்தக் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர்

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
பொது சுகாதாரம் மற்றும் நோய்த் தடுப்பு மருந்துத் துறை,
சென்னை.

பொருள்: உண்ணிக் காய்ச்சல் குறித்த சுவரொட்டிகள், துண்டறிக்கைகளில் உள்ள படங்களையும் அறிவுரைகளையும் திருத்தி வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உண்ணிக் காய்ச்சல் என்றதும் மக்கள் நினைத்துக்கொள்வது மாட்டின் மடியிலும் நாயின் காதிலும் இரத்தம் குடித்துப் பருத்துக் கிடக்கும் சாம்பல் நிற உண்ணியைத்தான். நான் பார்த்த சுவரொட்டி ஒன்றிலும் அதையே பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். ஸ்க்ரப் டைபஸ் என்னும் இந்தக் காய்ச்சலுக்கும் அந்த உண்ணிக்கும் சம்பந்தமே இல்லை. புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும் மைட் என்ற நுண்ணிய ஒட்டுண்ணியின் லார்வாதான் இதைப் பரப்புகிறது. ஆறு கால்கள் கொண்ட அதன் நீளம் சுமார் 0.2 மில்லிமீட்டர். ஏறியதும் தெரியாது, கடித்ததும் தெரியாது. 'ஓரியன்ஷியா சுட்சுகமுஷி' என்ற பாக்டீரியாவை உடலுக்குள் விட்டுவிட்டு அது உதிர்ந்துவிடும். காய்ச்சல் தலைகாட்டுவதற்குள் பெரும்பாலும் பத்து நாட்கள் ஓடியிருக்கும்.

இந்த வேறுபாடு தெரியாததால் வரும் கேடு சிறியதல்ல. காய்ச்சலோடு வருபவரிடம் "உண்ணி ஏதாவது கடித்ததா?" என்று கேட்டால், அவர் சுவரொட்டியில் கண்ட உருவத்தை மனதில் வைத்துக்கொண்டு "இல்லை" என்றுதான் சொல்வார். அவரைப் பொறுத்தவரை அது உண்மை. பிறகு டெங்கு பரிசோதனை நடக்கும். அதில் இல்லை என்று வரும். ஸ்க்ரப் டைபஸிலும் இரத்தத் தட்டணுக்கள் குறையக்கூடும் என்பதால் குழப்பம் இன்னும் கூடும். கடைசியில் 'மர்மக் காய்ச்சல்' என்று பெயர் சூட்டிவிடுகிறோம். வீட்டில் நாயோ ஆடோ இல்லாதவர்கள் தங்களுக்கு இந்த நோய் வராது என்று நிம்மதியாக இருப்பதும், வளர்ப்பவர்கள் காய்ச்சல் செய்தி வந்தவுடன் அவற்றை வீட்டைவிட்டுத் துரத்துவதும் இதே அறியாமையின் இரு பக்கங்கள்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. புல் அறுக்க, விறகு பொறுக்க, வரப்பில் களையெடுக்க, புதர் ஓரம் ஒதுங்கப் போனீர்களா என்று கேட்க வேண்டும். அடுத்ததாக உடம்பைப் பார்க்க வேண்டும். கடித்த இடத்தில் பலருக்கு, சிகரெட்டால் சுட்டது போல, சுற்றிலும் சிவந்து நடுவில் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும். அது வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரிந்திருக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி, பாவாடை நாடா இறுகும் இடுப்பு, முழங்காலின் பின்புறம் என எளிதில் கண்ணில் படாத இடங்களில்தான் அது ஒளிந்திருக்கும். கூட்டம் நிறைந்த புறநோயாளிகள் பிரிவில், ஆண் மருத்துவர் முன்னால், எந்தப் பெண் அங்கெல்லாம் காட்டுவார்? செவிலியர் ஒருவர் தனியறையில் இரண்டு நிமிடம் பார்த்தால் போதும். எல்லோருக்கும் அந்தப் பொருக்கு வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் பொருக்கு இல்லை, ஆகவே நோயும் இல்லை என்று புதிய தவறு ஒன்று கிளம்பிவிடும்.

டாக்சிசைக்ளின் மாத்திரையை உரிய நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாட்களில் காய்ச்சல் தணிகிறது. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிப்பு போய் உயிரே போகலாம். இரத்தத்தில் எதிர்ப்பொருளைக் காட்டும் பரிசோதனை முதல் சில நாட்களில் தெளிவான பதில் தராது. ஆகவே அறிகுறிகளை வைத்துச் சந்தேகிக்கும் பழக்கம்தான் உயிர் காக்கும்.

இதைப் படித்துவிட்டு மாட்டு உண்ணியும் நாய் உண்ணியும் சாதுவானவை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சலைப் பரப்புவது உண்மையான உண்ணிதான். மக்களோ குரங்கின் மீது கோபப்படுகிறார்கள். அந்தப் பாவப்பட்ட பிராணி நம்மைப் போலவே அந்த நோயால் சாகிறது. 2011இல் இந்தியாவிலேயே முதன்முதலாகக் குஜராத்தில் உறுதியான கிரிமியன்-காங்கோ இரத்தக்கசிவுக் காய்ச்சலும் உண்ணிகளால் பரவுவதே. கால்நடையிலிருந்து பிடுங்கிய உண்ணியை விரல் நகத்தில் வைத்து நசுக்கும் வழக்கம் இங்கே எல்லோருக்கும் உண்டு. அந்த நோயின் கிருமி இருக்கும் உண்ணியாக இருந்தால், நசுங்கித் தெறிக்கும் திரவமே தொற்றுக்குப் போதும். தோலில் கடித்து ஒட்டியிருக்கும் உண்ணியைத் தீக்குச்சியால் சுடுவதும், மண்ணெண்ணெய் தடவுவதும் அப்படித்தான். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுத்து, அந்த இடத்தைச் சோப்பால் கழுவுவதே சரியான முறை.

கைப்பேசியில் சுற்றி வரும் தகவல்கள் தனிக் கதை. வட்ட வட்டமாகப் பரவும் சிவந்த தடிப்பைப் பார்த்துக் கொள்ளுங்கள் என்கின்றன அவை. அது முக்கியமாக வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காணப்படும் லைம் நோயின் அடையாளம். இங்கே உள்ளவர் அதைத் தேடிக் காணாமல், நமக்கு ஒன்றுமில்லை என்று படுத்துவிடுகிறார்.

எனவே, சுவரொட்டிகளில் பருத்த உண்ணியின் படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கறுத்த பொருக்கின் தெளிவான புகைப்படத்தையும், அது வரக்கூடிய இடங்களைக் குறிக்கும் உடல் வரைபடத்தையும் அச்சிட வேண்டுகிறேன். உண்மையான உண்ணிகளைப் பற்றிக் கால்நடைப் பராமரிப்புத் துறையுடன் சேர்ந்து தனியாக ஒரு துண்டறிக்கை வெளியிடுவது நல்லது. இரண்டையும் ஒரே தாளில் திணித்ததுதான் இத்தனை குழப்பத்துக்கும் வழிவகுத்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் காய்ச்சலோடு வரும் பெண்களைச் செவிலியர் தனியறையில் பரிசோதிக்கச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். புதர் வேலைக்குப் போகிறவர்களிடம் முழுக்கைச் சட்டை அணிவது, வேலை முடிந்தவுடன் குளித்து உடை மாற்றுவது, கழற்றிய துணியைப் புல்தரையில் போடாதிருப்பது ஆகியவற்றை நேரில் எடுத்துச் சொல்லக் கிராம சுகாதாரச் செவிலியர்களைப் பணிக்க வேண்டும்.

இந்நோய் மழைக்காலத்திலும் அதையடுத்த குளிர் மாதங்களிலும் கூடுதலாகக் காணப்படுவதால், புதிய சுவரொட்டிகள் பருவமழைக்கு முன்பே ஊர்களுக்குப் போய்ச் சேர ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்