தக்காளி விலையும் ஓர் அலைதான்: நாற்றுக் கணக்கையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில் தக்காளி பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்தவள். படித்தது பி.எஸ்சி. இயற்பியல். வெப்ப அலை, ஆதரவு அலை, நோய்த்தொற்றின் இரண்டாம் அலை என்று உங்கள் நாளிதழில் ஏதாவது ஓர் அலை அடித்துக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்து மண்டிகளில் திரும்பத் திரும்ப அடிக்கிற அலையை மட்டும் ஒரு மாதம் ‘தக்காளி விலை உச்சம்’ என்றும், மூன்று மாதம் கழித்து ‘விலை வீழ்ச்சி, விவசாயிகள் வேதனை’ என்றும் தனித்தனிச் செய்தியாகப் போடுகிறீர்கள். இரண்டும் ஒரே அலையின் முகடும் (மேடு) அகடும் (பள்ளம்)தான்.

2023 ஜூலை எல்லோருக்கும் நினைவிருக்கும். கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய தக்காளி, செப்டம்பரில் மண்டியில் பத்து ரூபாய்க்கும் கீழே போனது. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. மழையைச் சொன்னார்கள், வியாபாரியைச் சொன்னார்கள். அதெல்லாம் ஓரளவு உண்மைதான். ஆனால் பெரிய காரணம் வேறு.

தண்ணீரில் அலை எழ இரண்டு காரியம் நடக்க வேண்டும். மேலே எழும்பிய நீரைப் பழைய மட்டத்துக்கு இழுக்க ஒரு விசை வேண்டும். பெரிய அலைக்குப் புவியீர்ப்பு, விரற்கடை அகலச் சிற்றலைக்கு நீரின் பரப்பு இழுவிசை. அப்புறம், இறங்கி வருகிற நீர் மட்டத்துக்கு வந்ததும் நிற்காமல் அதையும் தாண்டிக் கீழே போக வேண்டும். நகர்கிற பொருள் தானாக நிற்காது என்கிற நிலைமத்தால் அது அப்படித்தான் போகும். இழுப்பு மட்டும் இருந்து இந்தத் தாண்டல் இல்லாவிட்டால் நீர் மெல்ல இறங்கிச் சமமாகிவிடும், அலையே இருக்காது.

தக்காளியில் இழுப்பு எது என்பது எல்லோருக்கும் தெரியும். விலை ஏறினால் நடவு கூடும், இறங்கினால் குறையும். தாண்டல் வருவது காலதாமதத்தால். குழித்தட்டில் நாற்று வளர சுமார் 25 நாள், நட்ட பிறகு முதல் பறிப்புக்கு 60 முதல் 70 நாள். இன்றைய விலையைப் பார்த்து நர்சரியில் விதை போடச் சொல்கிறவர் தக்காளிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது மூன்று மாதம் ஓடியிருக்கும். தயார் நாற்று வாங்கி நட்டாலும் இரண்டு மாதம். அதுவரை விலைப்பலகை உயரத்தையே காட்டிக்கொண்டிருக்கும், கிருஷ்ணகிரி மாவட்டம் ராயக்கோட்டையில் எத்தனை பேர் நட்டார்கள், கர்நாடகத்தின் கோலார் பக்கம் எவ்வளவு நட்டார்கள் என்று அதில் இருக்காது. ஜூலை விலையைப் பார்த்து நட்டதெல்லாம் செப்டம்பரில் ஒன்றாகப் பழுத்தது. அதேபோல, அந்த ஜூலை உச்சத்துக்கு முந்தைய மாதங்களில் விலை கட்டாமல் பலர் தோட்டத்தைக் கைவிட்டிருந்தார்கள். ஒன்றை ஒன்று உண்டாக்கியது.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. 1920களில் ஜெர்மனியில் ஆர்தர் ஹனாவ் என்பவர் பன்றி விலை இப்படியே ஏறி இறங்குவதைக் கணக்கெடுத்துக் காட்டினார். அங்கே குட்டி வளர்ந்து சந்தைக்கு வருகிற காலம்தான் தாமதம். 1934-இல் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டோர் இதற்குச் சிலந்தி வலைத் தேற்றம் என்று பெயர் வைத்தார். விலையையும் விளைச்சலையும் கட்டத்தாளில் வரைந்தால் கோடு வலைபோலச் சுற்றும். நூறு வருடமாக உலகத்துக்குத் தெரிந்த விஷயம் எங்கள் மண்டி வாசலுக்கு மட்டும் வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

வெயிலும் இதில் சேர்ந்துகொள்கிறது. சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால் வெப்ப அலை என்கிறது வானிலைத் துறை. தக்காளிக்கு அவ்வளவு வெயில்கூட வேண்டாம். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாவிட்டால் பூ காம்போடு உதிர்ந்துவிடும். ஏப்ரல் கடைசியில் பாத்தியை மூடும் மல்ச்சிங் ஷீட்டின் மேல் மஞ்சள் மஞ்சளாகப் பூ கிடப்பதைப் பார்த்தாலே ஜூனில் காய் குறையும் என்று எங்கள் மாமியார் சொல்லிவிடுவார். வெயில் செய்தி ஒரு பக்கம், விலைச் செய்தி ஒரு பக்கம் என்று அச்சாகிறது. கொல்லையில் நிற்கிறவர்களுக்கு அது ஒரே செய்தி.

அலை எழுவதற்கும் வந்து சேர்வதற்கும் இடையில் நேரம் இருக்கிறது, அந்த நேரம்தான் உயிரைக் காப்பாற்றுகிறது. பறிப்புக்கு வரும் பெண்கள் மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குவார்கள். “அக்கா, எண்ணு எண்ணு” என்று ஒருத்தி குரல் கொடுப்பாள். ஒளி உடனே வந்துவிடும், ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று நொடி பிடிக்கும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் கூடையை அங்கேயே வைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குள் போய்விட வேண்டும் என்பது எங்கள் கொல்லையில் கட்டாயம். 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணி வாக்கில் சுமத்ரா அருகே கடலடி அதிர்ந்தது. அலை தமிழகக் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆழ்கடலில் விமான வேகத்தில் வரும் அலையைவிடத் தொலைபேசிச் செய்தி எத்தனையோ மடங்கு வேகம். ஆனால் செய்தி சொல்ல அன்று ஏற்பாடு இல்லை. நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள். 2007-இல்தான் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் வந்தது. உயிரையும் தக்காளியையும் நான் சமமாக வைக்கவில்லை. முன்கூட்டிச் சொல்லும் வழி ஒன்றுதான் என்கிறேன்.

தக்காளி அலையின் முதல் அதிர்வு எங்கே பதிவாகிறது தெரியுமா? நாற்று நர்சரிக்காரர் மேசையில் கிடக்கும் நோட்டில். 98 குழித் தட்டு எத்தனை, என்ன ரகம், எந்தத் தேதிக்கு வேண்டும், எவ்வளவு முன்பணம் எல்லாம் அதில் இருக்கிறது. காய் மண்டிக்கு வர இரண்டு மூன்று மாதம் முன்பே வரத்து அங்கே எழுதப்பட்டுவிடுகிறது. வட்டார வாரியாகத் தோட்டக்கலைத் துறை அந்தக் கணக்கை வாங்கிக் கூட்டட்டும். யார் வாங்கினார் என்ற பெயரெல்லாம் வேண்டாம், மொத்த எண் போதும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்தில் தொடங்கினாலே பாதி இருட்டு விலகும்.

கணக்கைப் பார்த்து எல்லோரும் ஒரே சமயத்தில் நடவை நிறுத்திவிட்டால் தலைகீழ் அலை வராதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாதம் ஒருமுறை வெளியிட்டால் வரவும் கூடும். வாராவாரம் வந்தால், பின்வாங்கியவர்கள் எத்தனை என்பதும் அடுத்த வாரமே தெரிந்துவிடும், தாண்டல் பெரிதாவதற்கு முன்பே திருத்தம் நடக்கும். இரண்டு வாரம் தள்ளி நடுகிறவர், ஒரு மாதம் தள்ளி நடுகிறவர் என்று நடவு பிரியும். ஒரே நேரத்தில் நட்டால் முகட்டின் மேல் முகடு ஏறும். பிரித்து நட்டால் ஒன்றின் முகடு இன்னொன்றின் அகட்டை நிரப்பும். இயற்பியலில் இதற்கு மேற்பொருந்துதல் என்று பெயர். அண்ணன் தம்பி இருவர் பேசிக்கொண்டு இப்படி நடுவதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மாவட்டம் பேசிக்கொள்ள நாளிதழ்தான் வேண்டும்.

அதனால் என் வேண்டுகோள் இது: தினமும் வெளியிடும் காய்கறி விலைப் பட்டியலுக்குக் கீழே, வாரத்தில் ஒரு நாள், இரண்டே வரி சேருங்கள். இந்த வாரம் இரு மாவட்ட நர்சரிகளில் விற்ற தக்காளி நாற்று இவ்வளவு, போன வருடம் இதே வாரம் விற்றது இவ்வளவு. ஆடிப்பட்டத்துக்கு நாற்று முன்பதிவு தொடங்குவதற்குள் வந்தால் பெரிய உதவி.

இப்படிக்கு,
தக்காளி விவசாயி ஒருவர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்